கிளட்ச் அக்காவின் சாட்சி

அந்தப் பகுதியில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கிளட்ச் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெருவரை கேட்கும். அதனால் வந்த பெயர். அவருடைய கணவருக்குத் தனியாகப் பெயர் எதுவும் அமையவில்லை. வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார், வேலையும் சுத்தம், ஆனாலும் "கிளட்ச் அக்கா வீட்டுக்காரர்" என்றால்தான் ஆட்களுக்குப் புரியும். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. யாரும் தன்னைத் தனியாகக் கூர்ந்து பார்க்க மாட்டார்கள் என்பதில் உள்ளூர ஒரு நிம்மதிகூட உண்டு.

இருவருமே இளவயதில் ராணுவத்தில் இருந்தவர்கள். அவர் காலாட்படைச் சிப்பாய், அக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுநர். போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், போர்முனையிலிருந்து ஒரு நோயாளியை அக்கா ஏற்றிவந்தார். வழியில் குண்டு விழுந்து, அதன் துண்டு ஒன்று கதவைத் துளைத்துக்கொண்டு அவர் தோளில் ஏறியது. மிச்சத் தூரத்தை ஒற்றைக் கையால் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை அணைத்த பிறகுதான் மயங்கினார். வண்டிக்குள் படுத்திருந்த நோயாளி வேறு யாருமில்லை, பின்னாளில் அவரைக் கல்யாணம் செய்துகொண்ட இந்தச் சீட் கவர்காரர்தான்.

உறவுக்காரர்களுக்கு இது சலிக்காத கதை. "அவ ரத்தம் சொட்டச் சொட்ட ஓட்டினாளாம், இவர் படுத்துக்கிட்டே சொக்கிப்போனாராம்" என்று சீண்டுவார்கள். அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அக்காவின் காயம்பட்ட கை தோளுக்குமேல் உயராது. ஸ்டியரிங்கைப் பிடிக்க அது போதும், தலை பின்னப் போதாது. அதனால் தினமும் காலையில் அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது அவர் வேலை. ரெக்சினில் ஊசி ஏற்றிப் பழகிய விரல்கள் என்பதால் பின்னல் முறுக்கேறிய கயிறு மாதிரி இருக்கும். "முடியைப் பின்னச் சொன்னா சீட் தைக்கிறீங்களே" என்று அக்கா தலையைப் பிடித்துக்கொள்வார்.

அக்காவுக்குப் பதக்கம் எதுவும் கிடைத்ததில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்களை அப்போது படையினராகவே கணக்கில் எடுக்கவில்லை. உதவியாளர்கள், அவ்வளவுதான். போர்க்காயப் பதக்கம் சிப்பாய்களுக்கு மட்டும். பிள்ளை பெற்று, வளர்த்து, அக்கா தலை நரைத்த பிறகு, பழைய நர்ஸ் தோழி ஒருத்தி போன் செய்தாள். விதியை மாற்றிவிட்டார்களாம். எதிரியின் குண்டில் காயம்பட்ட யாரும் இனி கேட்கலாமாம்.

"இந்த வயசுல போய் பதக்கம் குடுங்கன்னு கையேந்தறதா? சிரிக்க மாட்டாங்க?" என்றார் அக்கா.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் விடவில்லை. "தோள் உன்னோடது, காயம் உன்னோடது. கேக்கறதுல என்னம்மா வெக்கம்?"

அக்காவுக்கும் ஆசை இருந்தது. வாய் வேண்டாம் என்றாலும், அன்று மாலை பயிற்சிக்கு வந்தவரிடம் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மறுவாரமே விண்ணப்பித்தார். டாக்டர் தோளைப் படமெடுத்துப் பார்த்து, உள்ளே இன்னும் ஒரு சின்ன இரும்புத்துண்டு இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். இரும்பு இருக்கிறது, சரி. அது எப்படி அங்கே போனது என்பதை நேரில் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றது ராணுவ அலுவலகம். அந்த வண்டியில் உடன்வந்த உதவியாள் போரிலேயே இறந்துவிட்டான். மீதி ஒரே ஒருவர்.

"நல்லவேளை, சாட்சியைத் தேடி நான் ஊர் ஊரா அலைய வேண்டாம். வீட்லயே வச்சிருக்கேன்" என்று அக்கா சிரித்தார்.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாட்சி சொல்லக் குறித்த முதல் தேதி வந்தபோது, பஸ் கம்பெனி சீட்டுகளை அவசரமாகக் கேட்கிறார்கள் என்று சொல்லித் தட்டிக் கழித்தார். அக்கா வேறு தேதி வாங்கினார். அது நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவங்க எல்லாத்தையும் தோண்டித் துருவிக் கேப்பாங்களோ?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டார்.

அக்கா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "பொண்டாட்டி பதக்கம் கேக்கறது உங்களுக்கு அசிங்கமா இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. விட்டுடறேன்."

"சேச்சே, அதெல்லாம் இல்ல" என்று மழுப்பினார். ஆனால் அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தார். தோழியிடம் போனில், "நான் கேட்டிருக்கக் கூடாதுடி, வயசான காலத்துல எனக்கு ஏன் இந்தப் பேராசை" என்று அக்கா தணிந்த குரலில் சொன்னதையும் கேட்டார். கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது தேதியன்று காலையில் அவருக்கு வயிற்று வலி வந்தது. வந்தது என்பது அவர் சொன்னது. படுக்கையில் சுருண்டு, முழங்காலை மடக்கி முனகினார். வெளியே கிளம்பத் தயாராக இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்த அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தார். அலுவலகத்துக்குப் போன் செய்து, வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நன்றாக இருக்கும் கையால் அவர் நெற்றியைத் தடவினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் துடிச்சீங்க. வண்டி குலுங்கறப்பல்லாம் உங்க முனகல்தான் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இந்த ஆளு செத்துடக் கூடாதேன்னுதான் நான் வண்டியை நிறுத்தவே இல்ல."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"என்ன ஒண்ணும் இல்ல? மூஞ்சியெல்லாம் வேர்க்குது."

"இப்பவும் ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் ஒண்ணும் இல்ல."

பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார். போர்முனையில், மறுநாள் அவர் படைக்குழு ஆற்றைக் கடந்து முன்னேறுவதாக இருந்தது. அதற்கு முந்தி போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. பயத்தில் அவருக்குக் கைகால் ஓடவில்லை. நோயாளி மாதிரி ஆகிவிடலாம் என்று யாரோ சொன்னதை வைத்து, ஒரு கட்டிப் புகையிலையை மென்று விழுங்கினார். வாந்தி, வியர்வை, தாறுமாறாக ஓடும் நாடி. டாக்டர் குடல்வால் வெடித்துவிடும் என்று பயந்துவிட்டார். வழக்கமாக அந்தச் சாலையில் இருட்டிய பிறகுதான் வண்டி விடுவார்கள். பகலில் எதிரி பார்த்துவிடுவான். இவர் தாங்க மாட்டார் என்றுதான் அன்று பகலிலேயே அனுப்பினார்கள்.

 அக்கா வெந்நீர்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ராத்திரி போயிருந்தா எனக்கு இது நடந்திருக்காது."

"நடந்திருக்காது."

"அப்புறம் தினமும் வார்டுக்கு வந்து என் கட்டில் பக்கத்துல உக்காந்தீங்களே, அது?"

"மனசு குத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் வந்தேன்."

"எப்ப வரைக்கும் அதுக்காக வந்தீங்க? எப்பலேர்ந்து எனக்காக வந்தீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அது அக்காவுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அன்று காலையில் சொன்ன பொய்யே இன்னும் வயிற்றில் சூடு ஆறாமல் இருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மதியத்துக்கு மேல் திரும்பி வந்தபோது, இடுப்புவரை தொங்கிய பின்னல் இல்லை. காதுக்குக் கீழே ஒட்ட நறுக்கியிருந்தார். சீப்பை ஒரு இழு இழுத்தால் போதும், யாருடைய உதவியும் வேண்டாம்.

வார இறுதியில் வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா இது? முடி எங்கே?"

"வெட்டிட்டேன். அப்பாவுக்கு ஒரு வேலை மிச்சம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த டீயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளிடம் போட்டுக் கொடுத்துவிடுவாரோ என்று அவர் பயந்தது ஒருபக்கம், சொல்லாமல் விட்டதில் இன்னும் கூனிக் குறுகிப்போனது ஒருபக்கம். காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் அவர் கை சீப்பைத் தேடிப் போகும். பிறகு நினைவு வந்து, சும்மா நின்றுவிட்டுக் கடைக்குக் கிளம்புவார்.

அக்கா மூன்றாவது தேதி வாங்கினார். "வந்து சொல்லணும். முழுசா. எங்கிட்ட சொன்ன மாதிரியே" என்றார். அந்த நாட்களில் அக்கா அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் அதிகாரி, அவர்கள் மகளின் வயதுதான் இருக்கும். ஓரத்தில் ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

பேருந்தில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். புகையிலையில் தொடங்கினார். ஆறு, பயம், டாக்டர் என்று அவர் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொல்லிக்கொண்டு போக, அதிகாரி பேனாவை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஐயா, உங்க வயித்தைப் பத்தி எங்களுக்கு எதுவும் தேவையில்ல. இவங்கமேல குண்டுத்துண்டு பட்டதைக் கண்ணால பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் அக்கா அசையாமல் இருந்தார்.

"பாக்கல" என்றார்.

"பாக்கலையா? வண்டிலதானே இருந்தீங்க?"

"இருந்தேன். முதல் குண்டுச் சத்தம் கேட்டதுமே கம்பளியை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டேன். கதவுல ஏதோ அடிச்ச சத்தம். இவங்க ஒரே ஒரு தடவை அம்மான்னு கத்தினாங்க. வண்டி ஒரு பக்கமா போய்த் திரும்பவும் நேரா வந்துச்சு. நின்னதுக்கப்புறம்தான் கம்பளியை விலக்கினேன். சட்டை முழுக்க ரத்தம். சாய்ஞ்சு கிடந்தாங்க."

"நடுவுல எழுந்து என்னன்னு பாக்கலையா?"

"இல்லம்மா."

கம்பளிக் கதையை அவர் வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை. அக்கா அதை முதன்முதலாக அங்கேதான் கேட்டார். அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கிழவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. திட்டியிருந்தால் இன்னும் தேவலை. "வெளியே உக்காருங்க" என்றார், அவ்வளவுதான்.

அவர் தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் மூடி மூடி வைத்ததைத் திறந்து காட்டினால், தண்டிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. காது கேட்ட சத்தமும் கண் பார்த்த ரத்தமும் போதும் என்று எடுத்துக்கொண்டு, மீதியை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

பதக்கம் கிடைத்தது. கொடுக்கும் விழா ஒரு பெரிய மண்டபத்தில். வாசலில் நின்ற சீருடைக்காரன் இருவரையும் பார்த்தான். பார்த்தவுடன் அவரிடம், "வாங்க ஐயா, பதக்கம் வாங்கறவங்களுக்கு முதல் வரிசை" என்று கையைப் பிடித்தான். அக்காவிடம், "குடும்பத்துக்காரங்க பின்னாடிம்மா" என்றான். அக்கா மறுபேச்சுப் பேசாமல் விறுவிறுவென்று பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கில்லப்பா, அவங்களுக்கு" என்றார் அவர். பாண்டு வாத்தியச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "எனக்கில்ல! அவங்களுக்கு!" என்று கத்தினார். அந்த நொடியில் வாத்தியம் நின்றுவிட, மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காது மடல் எரிய, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அக்காவிடம் போனார்.

"வா, உன்னைத்தான் கூப்பிடறாங்க."

"அவ்வளவு மரியாதையா கூப்பிட்டாங்களே, நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

முடி வெட்டிய நாளுக்குப் பிறகு அக்கா அவரிடம் பேசிய முதல் கிண்டல் அது. அது குத்தலா, சமாதானமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கைகட்டி நின்றார். கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் அக்கா எழுந்தார். மேடையில் பதக்கத்தைக் குத்தும்போது அந்தத் தோள் லேசாகப் பின்வாங்கியதை அவர் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். தாமதமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "உங்க சாட்சியாலதான்ப்பா" என்றாள்.  உண்மையை மகளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவர் அன்றும் நினைத்தார், பிறகும் பலமுறை நினைத்தார்.

இப்போது அக்கா பயிற்சிப் பள்ளியில் அந்தக் கதையைச் சொல்கிறார். முன்பு யாராவது கேட்டால் கையைக் காட்டி, "பழைய அடி" என்று முடித்துக்கொள்வார். இப்போது குண்டு, சாலை, கதவு, ரத்தம் எல்லாம் வருகிறது. பயந்து பயந்து ஓட்டுகிறவர்களுக்கு அதைக் கேட்டால் தைரியம் வருகிறதாம்.

ஒருநாள் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கிழிந்த உறையைத் தைத்துக்கொண்டிருந்தார் அவர். முன்னால் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதை கேட்டாள். முடிந்ததும், "ஐயோ பாவம், பின்னாடி படுத்திருந்தவர் என்ன ஆனார் டீச்சர்? பொழைச்சாரா?" என்று கேட்டாள்.

அவர் கையில் ஊசி நின்றுவிட்டது.

அக்கா கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். பார்வையில் கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அவருக்கென்ன, பொழைக்கத் தெரிஞ்ச ஆளு" என்றார் அக்கா. "நீ வண்டியை எடு. முதல்ல கிளட்ச்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவர் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. குனிந்து நூலை இழுத்துக்கொண்டார்.