பனிச்சங்கேணியில் பிடித்த சொல்

காலை எட்டேகாலுக்கு மட்டக்களப்பில் வாகரை பஸ் ஏறினேன். கட்டணம் இருநூற்று நாற்பது ரூபாய். பனிச்சங்கேணிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். உடம்பு பஸ்ஸில் இருந்தது, மனம் ஆஸ்பத்திரி வார்டில். திருச்சியிலிருந்து என்னோடு ஊர் சுற்ற வந்த அக்காவுக்கு முந்தாநாள்தான் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் உள்ளே விடுவாங்க. அதுவரை வாசலைக் காவல் காக்கப் போறியா?" என்று அவள்தான் துரத்திவிட்டாள். தன் நோட்டையும் என் கையில் திணித்தாள். தினமும் புதிதாகக் கவனித்த ஏதாவது ஒன்றை அதில் எழுதுவாள். சமையலறை எறும்பு எந்த மூலையில் திரும்புகிறது என்பதுகூட அதில் உண்டு. எனக்கு அது எப்போதும் கேலிதான். "இன்னிக்கு எனக்கும் சேர்த்து நீயே பார்த்துட்டு வா."

ஏறாவூர், ஓட்டமாவடி, காயாங்கேணி எல்லாம் ஜன்னலில் வந்து போயின. ஒன்றும் கண்ணில் தங்கவில்லை. காயம் சீழ் பிடித்துவிடுமோ என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்குப் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கி வார்டுக்குப் போன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே தாதியின் குரல்: "டொக்டர் பாத்தாரு... மறுகா வெட்டுவாரு." இணைப்பு அறுந்தது. மறுக்கா வெட்டுவதா? ஒரு தடவை வெட்டியது போதாதா? ரோட்டிலேயே நின்று அழுதேன். திரும்பிப் போக அடுத்த பஸ் பதினொன்றேகாலுக்குத்தான்.

ரோட்டோரம் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். பெயர் செல்வி என்று பிறகு சொன்னாள். "ஏன் அழுறீங்க? இதில இரிங்க. முதல்ல தண்ணியக் குடிங்க, மறுகா கதைப்பம்."

போத்தலை வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் இன்னும் ஒரு தடவைகூடப் பேசவில்லையே, மறுக்கா எப்படிப் பேசுவது?

"மறுகான்னா என்னங்க?"

"மறுகா எண்டா பிறகுதான். உங்கட ஊரில சொல்றல்லையா?"

திரும்பவும் போன் போட்டேன். தாதி சிரித்துவிட்டாள். "ஓம் அக்கா, தையல மறுகாதான் வெட்டுவாரு, ஏழு நாள் போகணும். அவங்க இப்ப கஞ்சி குடிச்சிக்கிட்டு இரிக்காங்க."

எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை வெட்கமில்லாமல். அதன் பிறகுதான் எதிரே கடலோடு சேரும் காயல் தண்ணீர் தெரிந்தது. "இதுதானே களப்பு?" என்றேன். "நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம்" என்றாள் செல்வி. நோட்டைத் திறந்து 'மறுகா', 'ஆறு' என்ற இரண்டு சொற்களையும் எழுதினேன். பதினொன்றேகால் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு அக்கா கேட்ட முதல் கேள்வி, "என்ன பார்த்தே?" நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, தையல் இழுக்குதுடி. மறுகா சொல்லு."

ஏழாம் நாள் தையல் வெட்டியபின் சொன்னேன். ஊர் திரும்பக் கப்பலேறும் வரை மறுக்கா மறுக்காவும் சொன்னேன்.