ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே

"தூக்கக் கலக்கத்துல ஏதோ கேட்டிருப்பீங்க" என்று இதைக் கேட்ட எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. பட்டப்பகல். பக்கத்து சீட்டில் என் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. இதற்கு மேல் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வேன் அது. இன்ஜின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில். அதன் பெட்ரோல் இன்ஜின் மூச்சை விட்டதும், ஒரு சின்ன லாரியின் டீசல் இன்ஜினைத் தூக்கி உள்ளே வைத்தவன் என் மைத்துனன். மனைவிக்கு ஒரே தம்பி. கைராசிக்கார மெக்கானிக்தான். ஆனால் அவனுடைய 'நாளைக்கு' மட்டும் விடியவே விடியாது. நான்கு மாதம் இழுத்துவிட்டான்.

பெட்ரோல் இன்ஜின், ஓடும்போது தானே காற்றை உறிஞ்சி பிரேக்குக்குக் கைகொடுக்கும். டீசல் கொடுக்காது. அதற்கென்று ஒரு பம்ப்பை பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும். மைத்துனன் எனக்குப் பாடமே எடுத்தான்.

"மாமா, இன்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற இந்த முள் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழ இறங்குனா பம்ப் இழுக்காது. பிரேக் கல்லாயிடும். ரெண்டாயிரத்து எண்ணூறைத் தாண்டுனா பெல்ட் பிச்சுக்கும். நடுவுலயே ஓட்டணும். குடும்பம் நடத்துற மாதிரி."

"உனக்குக் கல்யாணமே ஆகல. நீ சொல்றியா மாப்ள?"

சிரித்தான். பின்னால் போய் இன்ஜின் பக்கத்தில் படுத்துக்கொள்வான். நான் முன்னால் ஆக்சிலேட்டரில் கால் வைத்திருப்பேன். அந்த இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தரைத் தகட்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஏத்து. இரண்டு தட்டு என்றால் குறை. பல நாள் இப்படியே பழகியதில், சத்தம் கேட்டதும் என் கால் தானாகவே வேலை செய்யும்.

நாங்கள் வேனில் ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை போன் செய்தான். "இன்னும் ஒரு வேலை பாக்கி மாமா. நாளைக்கு..."

அந்த வார்த்தையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். காலையில் அவன் கடை திறப்பதற்கு முன் போய், என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் வேனை எடுத்துவிட்டேன். மனைவியிடம் சொன்னது பச்சைப் பொய்.

"உன் தம்பி எடுத்துக்கச் சொல்லிட்டான்."

பிரேக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகும் என்று நினைத்தேன். வழியில் அவனிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறான் என்று சத்தத்தை அடைத்து, பையில் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு மலைப்பாதை. ஏறி முடித்தோம். இறக்கம் தொடங்கியது.

முதல் கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்தேன்.

கல்.

முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி லேசாகத்தான் தயங்கியது. முள் ஆயிரத்து இருநூறில் இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

டங்.

பின்னாலிருந்து... ஒரே ஒரு தட்டு.

என் கை தானாகவே கியரைக் குறைத்தது. இன்ஜின் உறுமியது. ஆயிரத்து எண்ணூறு. மிதித்தேன். பிரேக் வெண்ணெயாக இறங்கியது. வளைவு தாண்டினோம்.

"பின்னால ஏதோ விழுந்துடுச்சா?" என்றாள்.

"தெரியல."

அடுத்த இறக்கம் செங்குத்து. வேகம் கூடியது. இரண்டாயிரத்து அறுநூறு... எழுநூறு...

டங். டங்.

குறைத்தேன்.

அவள் ஆரஞ்சைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் இல்லையே..."

நான் திரும்பவில்லை. முள்ளை மட்டும் பார்த்தேன்.

டங்.

ஏற்றினேன்.

டங். டங்.

குறைத்தேன்.

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி தட்டுற மாதிரியே இருக்குங்க..."

அடுத்த வளைவில் திருப்பினேன்.

கடைசி வளைவு.

சமதரை.

சத்தம் நின்றது.

வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் போய்க் கட்டில் பலகையைத் தூக்கினேன். பம்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெல்ட்டும் இல்லை. நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும், சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

மைத்துனனுக்குப் போன் போட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். போலீஸ்காரர்.

மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் ஏறத் தொடங்கிய அடிவாரத்தில் விபத்து என்றார். எங்களைப் பிடிக்க பைக்கில் விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மணலில் சறுக்கியிருக்கிறான். நாங்கள் உச்சிக்குப் போகும் முன்பே அவன் உயிர் போய்விட்டது.

வேனை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் தோளில் மாட்டியிருந்த பையைப் போலீஸ்காரர் மேஜைமேல் வைத்து, உள்ளே இருந்ததைத் துணி சுற்றி எடுத்தார். பம்ப். புது வாஷர் போட்டு, பூட்டுவதற்குத் தயாராக இருந்தது. கடையைத் திறந்து, வேன் இல்லாததைப் பார்த்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"பாத்துப் பிடிங்க சார், சுடும்" என்றார் போலீஸ்காரர். "பையில கெடந்த சாமான்தான். மத்தியானத்துலேர்ந்து ஆறவே மாட்டேங்குது. என்னன்னே புரியல."

வாங்கினேன். ஓடி நின்ற இன்ஜினிலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல் கொதித்தது.

மனைவி அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட கேட்டுட்டுத்தானே வண்டிய எடுத்தீங்க?"

"இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.