சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை

காலை எட்டு மணிக்கு அசோக் நகரிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம்: நான், மகள் திவ்யா, அவள் மாமியார் கார்மென். ஸ்பெயினிலிருந்து எங்களைப் பார்க்க வந்த அவர்கள் இருவரும் இரவு விமானத்தில் திரும்புகிறார்கள். அதற்குள் சம்பந்தியிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்: என் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். திவ்யா அதை மொழிபெயர்க்க மாட்டாள். "நான் என்ன கொழந்தையாம்மா?" என்பாள். அதற்காகவே தி.நகரில் இரண்டு மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனேன்.

என்ன ஒழுங்கான மொழி! 'மிரார்' என்றால் பார்ப்பது. 'ஆர்' என்று முடிவதால் நெருங்கியவரிடம் 'மீரா', மரியாதைக்கு 'மீரே'. 'சுபிர்' என்றால் ஏறுவது. 'ஏர்', 'இர்' என்று முடிந்தால் அப்படியே தலைகீழ்: 'சூபே', மரியாதைக்கு 'சூபா'. அடங்காத சில வினைகளைத் தவிர எல்லாம் இந்த வழிக்கு வந்துவிடும்.

"சூபா" என்று சம்பந்தியை ஏற்றியபோதே திவ்யா சிரித்தாள். "அங்க சம்பந்திங்க நீ, வா, போன்னுதாம்மா பேசிப்பாங்க."

"இருக்கட்டும்டி. சம்பந்தியம்மாவ ஏறுன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"கரீட்டும்மா," என்றார் ஓட்டுநர். "மரியாத குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

மயிலாப்பூருக்கு இருநூற்றிருபது ரூபாய். கோபுரத்தின் கீழே "மீரே!" என்றேன். கார்மென் கழுத்து வலிக்கப் பார்த்தார். மெஸ்ஸில் "வாங்க, வாங்க" என்றார்கள். பூக்காரம்மா "வாங்க" என்றார். பதினொரு மணிக்குத் தி.நகர் புடவைக் கடையிலும் அதே வரவேற்பு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கார்மென் திவ்யாவிடம் கேட்டுக்கொண்டார். காலையில் மெஸ்ஸில் நான் விடாமல் "தோமே, எடுத்துக்கோங்க" என்று வடை வடையாகத் தள்ளினேன். போதும் என்றால் இன்னொன்று வைப்பதுதானே நம் வழக்கம். பாவம், எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

மாலை ஐந்து மணி. அடையாறில் அவர்கள் தங்கிய விடுதி வாசலில் கார் வந்துவிட்டது. திவ்யா பெட்டிகளை ஏற்றப் பின்பக்கம் போனாள். எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. கார்மென் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டார்.

'இஹா', மகள். 'குயிதார்', பார்த்துக்கொள்வது. 'ஆர்' என்று முடிகிறது.

"குயிதே... அ மி இஹா."

அவர் இறங்கி வந்தார். கண் நிறைந்திருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அன்று ஒவ்வொரு வாசலிலும் கேட்ட சொல்லை எனக்குச் சொன்னார்.

"வாங்க."

நம் ஊரில் வந்தவரை வாசலில் அழைக்கும் சொல்லை அவர் விடைபெறும்போது சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் நினைவு வந்தது, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று திவ்யாவிடம் கேட்கவில்லை.