பத்து நாள் லீவும் ஐந்து ஆட்டுப் படங்களும்

படம் வரைகிறவன் கையைச் சும்மா கிடக்கும் கை என்றுதான் எங்கள் ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். ஊசி பிடித்தால் வேலை, கத்தி பிடித்தால் வேலை, பேனா பிடித்தால்கூட வேலை. பென்சில் பிடித்தால் மட்டும் பொழுதுபோக்கு. உங்களில் கோலமோ, பாட்டோ, கம்ப்யூட்டரோ கொஞ்சம் கைவரப் பெற்றவர்கள் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விடுவீர்கள். போன லீவில் உங்கள் வீட்டுக் கதவை யார் யார் தட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டே மேலே படியுங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் படம் போடுகிறேன். டிசைனர் மனதில் இருக்கும் ஷூவை, தைக்கிறவருக்குப் புரிகிற மாதிரி கோடுகோடாக வரைந்து கொடுப்பது என் வேலை. டிசம்பர் கடைசியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போய்விடுவதால் எங்கள் பிரிவுக்கும் பத்து நாள் லீவு. இந்தத் தடவை அந்தப் பத்து நாளை நான் ஒரு ஆட்டுக்காக எடுத்து வைத்திருந்தேன். சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகம், தனியாகச் சந்தைக்குக் கிளம்பிப் போகும் ஓர் ஆட்டின் கதையை அனுப்பி, மாதிரிக்கு ஐந்து படங்கள் கேட்டிருந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் புத்தகம் முழுக்க என் படம்தான். மூன்று வருஷமாக ஷூ தவிர வேறெதுவும் வரையாதவனுக்கு முதல் புத்தகம்.

இரண்டு நாளுக்கு ஓர் ஆடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சத்தமாகப் பேச வராது. ‘முடியாது’ என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

லீவுக்கு முந்தின நாள்

அன்றைக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு துண்டு பிளம் கேக் கொடுத்தார்கள். மேசையைத் துடைத்து, பென்சில்களைச் சீவி டப்பாவில் அடுக்கினேன். பத்து நாளைக்கு ஒரு ஷூவையும் பார்க்க வேண்டாம் என்று நினைத்ததில் கேன்டீன் டீ கூட அன்றைக்கு டீ மாதிரி இருந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷர். தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

“தம்பி, பத்து நாள் நல்லா என்ஜாய் பண்ணு. போன ஆஃப் பண்ணிப் போட்ரு. ஆங், வீட்ல சும்மா உக்காந்து டிவி பாக்கற நேரத்துல அந்த மூணு மாடல் மட்டும் போட்டு வாட்ஸப்ல அனுப்பிடு.”

மேய்ப்பர்களின் கால்

மூன்று மாடல் முதல் நாளைத் தின்றது. மறுநாள் காலையில் டேவிட் அண்ணன் வந்து நின்றார். எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவு; சர்ச்சில் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டுவதற்கு எட்டடித் திரை ஒன்று வரைய வேண்டும், வரைகிறவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார். போனேன். சர்ச் ஹாலில் தரையில் துணியை விரித்து உட்கார்ந்தபோது, உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் பாட்டுக் குழு ஒரே வரியை இருபது தடவை பழகிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கு. மரியாளின் முகத்துக்கு மட்டும் அரைப் பகல் எடுத்துக்கொண்டேன். களைப்பும் அமைதியும் கலந்த மாதிரி ஒரு முகம். நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கமிட்டி வந்தது. நாலு பேர், நாலு பேரும் ஷூ கம்பெனி. வந்ததும் துணிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள். நான் மேய்ப்பர்களை வெறுங்காலோடு நிற்க வைத்திருந்தேன். “இன்னாப்பா இது, பனியில வெறுங்காலோட வுட்டுட்ட? நம்ம ஊரு சர்ச்சுல மேய்ப்பருக்குச் செருப்பு இல்லேன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?” என்றார் ஒருவர். மறுநாள் செருப்பு போட்டேன். அன்றைக்கு ஸ்டிச்சிங் பிரிவு ரோஸி அக்காவும் கூட வந்திருந்தார். வார் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. நட்சத்திரத்தையோ மரியாளையோ ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று மேய்ப்பர்களுக்கும் ஆறு செருப்புகளை அழித்து வரைந்தேன். கிளம்பும்போது ரோஸி அக்கா எனக்கு ஆறுதலாகச் சொன்னார்:

“மூஞ்சியெல்லாம் நீ எப்படி வேணா போட்டுக்க தம்பி, அத யாரு பாக்கப் போறா? வார் மட்டும் நாலு அடி நடந்தா புட்டுக்காத மாதிரி இருந்தா போதும்.”

ஓடுகிற பாலாறு

கிறிஸ்துமஸ் அன்று மூன்று வீடுகளிலிருந்து கேக் வந்தது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். அது ஒன்றைத்தான் யாரும் கேட்காமல் நானாகச் செய்தேன். இருபத்தாறாம் தேதி எழுந்தபோது கையில் ஓர் ஆடுகூட இல்லை. வாசலில் சலீம் பாய் நின்றுகொண்டிருந்தார்.

பாய் பஜாரில் ஷூ ஒட்டும் பசை விற்கிறார். ஊரெல்லாம் தீபாவளிக்கே காலண்டர் அடித்து முடித்துவிடும். அவருக்கு மட்டும் வருஷம் முடியும்போதுதான் அடுத்த வருஷம் ஞாபகத்துக்கு வரும். “ஆளு வேணாம், மிருகம் வேணாம். நம்ம பாலாறு ஒண்ணு போட்டுக் குடு தம்பி. பிரஸ்ஸுக்காரரு காத்துக்கினு இருக்காரு” என்றார். பாலத்து மேல் நின்று பார்த்து, இருந்ததை அப்படியே வரைந்தேன்: மணல், நடுவில் ஒரு குட்டை, ஓரமெல்லாம் முள்செடி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வீட்டிலிருந்து பிரியாணி வரவழைத்தார். கத்தரிக்காய்க் குழம்பைத் தாராளமாக ஊற்றி, நான் முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா தண்ணியக் கொஞ்சம் ஜாஸ்தி வுடு. வருஷம் பூரா செவுத்துல தொங்கப் போவுது, அங்கயாவது ஓடட்டுமே.”

அடுத்த நாள் பாதிப் பொழுது கரைக்குக் கரை நீலம் பூசினேன். கை வலித்தது, ஆனாலும் முடித்துவிட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.

மொட்டை மாடி வெயில்

மீதி இருந்தது நாலு நாள். போனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன். டிசம்பர் காலை வெயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். முதுகில் யாரோ கை வைத்திருப்பது மாதிரி இருக்கும். பக்கத்தில் அம்மா போர்வைகளைக் காயப் போட்டிருந்தாள். காகிதம் சூடாகி, கோடு வழுக்கிக்கொண்டு போனது. ஆடு வாசலைத் தாண்டியது. பஸ் ஸ்டாண்டைக் கடந்தது. டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. மூன்று நாளில் நாலு ஆடு. ஷூவுக்குக் கண் கிடையாது, காது கிடையாது, பிடிவாதம் கிடையாது என்பது அந்த மூன்று நாளில்தான் எனக்கு உறைத்தது.

நாலாவது ஆட்டின் காதுக்குள் நான் குனிந்திருந்த நேரத்தில், போர்வையைத் திருப்பிப் போட வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“லீவு வுட்டும் ரெஸ்ட் எடுக்காம கிறுக்கிக்கினே கீற. போடா, போயி கீழ அந்த மிக்ஸிய இன்னான்னு பாரு, நீதான் நல்லா படம் போடறியே.”

படம் போடுகிறவனுக்கும் மிக்ஸிக்கும் உள்ள உறவு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சரிசெய்தேன்.

மூன்றாம் வீட்டுக் கோலம்

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஐந்தாவது படத்தில் இருந்தேன். சந்தை. கூட்டத்தின் நடுவில் ஆடு. மூன்றாம் வீட்டு கோமதி அக்கா வந்து, புது வருஷக் கோலத்துக்குச் சாக்பீஸில் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், கலர் அவரே தூவிக்கொள்வார் என்றார். கோடு மட்டும்தானே என்று போனேன். இரண்டு மயில், நடுவில் விளக்கு. நிமிர்ந்தபோது நாலரை மணி. அக்காவுக்கு முட்டி வலி என்று தெரிந்ததால் மயில் கழுத்துக்கும் நானே நீலம் தூவினேன். எதிர்வீட்டு அம்மா கோலத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். அக்கா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். விரலெல்லாம் நீலமாக நான் பக்கத்தில் நின்றேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு என் மேலும் அக்கறை வந்தது.

“நீயும்தான் லீவுல சும்மா கீற, இந்த மாதிரி எதுனா அக்காகிட்ட கத்துக்கலாமில்ல தம்பி?”

வீட்டுக்கு ஓடிப்போய்க் கையைக் கழுவி, சந்தையில் விட்டுப்போன தலைகளை எல்லாம் போட்டு முடித்து, ராச்சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து படத்தையும் அனுப்பினேன். அம்மா ஊற்றிய ரசம் அன்றைக்கு அமிர்தம்.

சென்னையிலிருந்து ஒரு போன்

புது வருஷம் பிறந்து நாலாம் நாள், சாம்பிள் ரூமில் ஒரு பூட்ஸின் ஜிப்பை வரைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பதிப்பகத்து அம்மா. குரல் நிதானமாக இருந்தது. ஆட்டின் கண் பிடித்திருக்கிறது, சந்தை பிடித்திருக்கிறது, புத்தகத்தை நானே செய்யலாம் என்றார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அப்புறம் அவர், “ஒரே ஒரு சந்தேகம்” என்றார். “ஐந்து படத்துலயும் உங்க ஆடு இடது பக்கமாவே நடக்குது. புத்தகம் வலது பக்கமாத்தானே நகரும்? குழந்தை பக்கத்தைத் திருப்புதுங்க, ஆடு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டு இருக்கு.”

மேசைமேல் கிடந்த பூட்ஸ் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் எந்த ஷூவானாலும் மூக்கு இடது பக்கம் இருக்கிற மாதிரிதான் வரைய வேண்டும், அது சட்டம். மூன்று வருஷத்தில் என் கை ஒன்றைக்கூட வலது பக்கம் பார்க்க வைத்ததில்லை. கால் நாலு இருந்தாலும், வால் இருந்தாலும், கைக்கு அது ஷூதான். கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அதையும் அவர் செய்து பார்த்துவிட்டாராம். பஸ் போர்டும் டீக்கடைப் பலகையும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டதாம். கொஞ்சம் யோசித்து, எனக்குச் சிரமம் வைக்காத ஒரு வழியை அவரே சொன்னார்.

“அவசரமே இல்ல. பொங்கலுக்கு உங்களுக்கு எப்படியும் நாலு நாள் லீவு வருமே, அப்ப சும்மா இருக்கும்போது அஞ்சையும் திருப்பி வரைஞ்சுடுங்க.”

ஆக, லீவு விட்டதும் மற்றவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருகிற மாதிரி நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு வேலை வருகிறது, பாய் போட்டு டீ கொடுத்து நாமும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.