காயல்பட்டினத்துக்கு மழையில் வண்டி எடுக்கலாமா?

கார்த்திகை மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பைக்கில் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நான் போனேன். ஊர் சுற்றப் போகவில்லை. என் நண்பன் ரியாஸ் அன்று மதியம் இரண்டு மணிக்குக் காயல்பட்டினத்திலிருந்து காரில் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறவிருந்தான். ஒப்பந்தம் இரண்டு வருடம்.

ரியாஸும் நானும் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்கள். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டும் வேலை. ஆறு வருடம் கட்டியும் அவன் தினக்கூலிதான். இப்போது அதே கண்டெய்னர்களை அங்கே போய் அவிழ்க்கப் போகிறான். அங்கே அவனுக்கு மாதச் சம்பளமும் தங்க இடமும் உண்டாம். இந்த ஊரைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

காலையில் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மதியம் கிளம்புறேன்லே. பயணம் சொல்லணும்." அவ்வளவுதான். எனக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம். எங்கள் பக்கம் ஒருவர் தூர தேசம் போகிறார் என்றால் நாம்தான் அவர் வீட்டுக்குப் போய் வழியனுப்புவோம். அவன் என்னைக் கூப்பிடுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன். 'வாரேன்' என்று பதில் அனுப்பினேன். அதில் ஒற்றை டிக் மட்டுமே விழுந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

முத்தையாபுரத்தில் நானும் அம்மாவும் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து காயல்பட்டினம் இருபத்தேழு கிலோமீட்டர். நல்ல நாளில் முக்கால் மணி நேரம். ஒன்பதரைக்கு வாசலில் நின்றபோது மழையில் எதிர்வீடு தெரியவில்லை. அம்மா சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். போனில் பேசினால் போதாதா என்றாள். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் போனில் பேசத்தானே போகிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கினேன்.

முள்ளக்காடு தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கும். அந்த இடத்தை மழையில் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? பாத்திகளெல்லாம் நிறைந்து, வரப்பு மறைந்து, தரை இருந்த இடத்தில் வானம் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அதன் மேல் நான். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்பதே மறந்துபோனது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் படுத்திருக்கும் மாடுகளைப் போல மெல்ல வந்து மெல்லப் போயின. தூரத்தில் பூநாரைகள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவை பறந்துவிட்டனவா, மழை அழித்துவிட்டதா என்று தெரியவில்லை.

அழகுதான். ஆனால் அந்த நீருக்கு அடியில் கிடப்பது சிலருடைய வேலை. இந்த மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் கூலியும் கிடையாது. சுற்றுலாப் பலகைகளில் முத்துக்குளித்துறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முத்து என்றைக்கோ போய்விட்டது. இப்போது இந்தக் கரை வெளியே அனுப்புவது உப்பையும் ஆட்களையும்.

பழையகாயலில் மழை கண்ணைக் குத்தவே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய். உள்ளே உப்பு லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார், சாத்தான்குளத்துக்காரர். திரும்பிவிடலாமா, போகலாமா என்று அவரிடம் கேட்டேன். முக்காணி பாலத்தில் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் ஆத்தூர் தாண்டினால் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாது என்றார்.

"அப்ப போகண்டாங்கியளா, அண்ணாச்சி?"

"நான் போவாதன்னா நீ போவாம இருக்கப் போறியாக்கும்? லாரி டயர் போன தடத்துலயே போ. லாரிக்குப் பின்னாலயே ஒட்டிப் போயிராத."

நான் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது நீல மழைக்கோட்டு போட்ட ஒருவன் தூத்துக்குடிப் பக்கமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். இந்த மழையில் எந்தப் பைத்தியக்காரன் இப்படிப் போகிறான் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பதினொன்றேகாலுக்குக் காயல்பட்டினம். ஒடுங்கிய தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ரியாஸ் வீட்டு முன்னறையில் அவனுடைய பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. அவனைக் காணோம். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் உம்மா கேட்டார்.

"அவன் ஒங்க வூட்டுக்குத்தானே வந்தான், வாப்பா? பயணம் சொல்லாமப் போவக் கூடாதுன்னு நான்தான் அனுப்புனேன்."

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வழக்கத்தில், போகிறவன்தான் வீடு வீடாகப் போய், 'போய்வருகிறேன்' என்று சொல்லி விடைபெற வேண்டும். அதுதான் பயணம் சொல்வது. நான் அவனை வழியனுப்ப இங்கே வந்திருந்தேன். அவன் என்னிடம் விடைபெற அங்கே போயிருந்தான். நீல மழைக்கோட்டு யாருடையது என்பதும் விளங்கியது.

அம்மாவின் எண்ணுக்கு அழைத்தேன். அவனே எடுத்தான். பாலிதீன் பையில் சுற்றி வைத்ததில், கிளம்பிய கையோடு அவன் போனுக்குள் தண்ணீர் போய் அணைந்துவிட்டதாம்.

"பழையகாயல் டீக்கடை வாசல்ல ஒன் வண்டியப் பாத்தேன்லே. தூத்துக்குடிக்காரன் எல்லாரும் கறுப்பு வண்டிதானே வச்சிருக்கான்னு போய்ட்டேன்."

"நீ அங்கனயே நில்லு. நான் வாரேன்."

"நீ வந்தா நான் எப்ப வூட்டுக்கு வந்து காரு ஏற? வண்டிய எடுக்காத. ரெண்டு பேரும் ரோட்டுல கெடந்தா ரெண்டு பேரும் தேடிக்கிட்டேதான் இருப்போம். ஒங்கம்மா கஞ்சி தந்திருக்காங்க, குடிச்சுட்டு வாறேன்."

உம்மா என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மருத்துவச் சோதனையில் தேறி, விசா அடித்து, விமானம் ஏற வேண்டியவன் அந்த ரோட்டில் இருக்கிறான். கை பிசகினால் போதும், வேலை வேறொருவனுக்குப் போய்விடும். அவனை அனுப்பியது அவர். அவனைத் தவறவிட்டது நான். வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போக என் கால் துடித்தது. போகவில்லை. இந்தப் பயணத்திலேயே கடினமான பகுதி, அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்ததுதான். மழை ஓட்டிலிருந்து திரை போல இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் தெரு இருக்கிறது என்பதை நம்ப வேண்டியிருந்தது. உம்மா இரண்டு முறை தேநீர் கொடுத்தனுப்பினார். இரண்டும் ஆறிப்போயின.

ஒன்றேமுக்காலுக்கு அந்தத் திரையைப் பிளந்துகொண்டு நீல மழைக்கோட்டு வந்தது. இடது முழங்காலில் கால்சட்டை கிழிந்து சேறு அப்பியிருந்தது. ஆத்தூருக்கு இந்தப் பக்கம் விழுந்திருக்கிறான். உம்மாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே சொன்னான். நான் எழுந்துபோய் அவனுக்கும் உள்கதவுக்கும் நடுவில் நின்றேன். அந்த மறைவில் அவன் வேட்டியைச் சுற்றிக்கொண்டான்.

பதினைந்து நிமிடம் கிடைத்தது. எங்கள் அம்மா கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டதாகச் சொன்னான். பெட்டியைக் காரில் ஏற்றினோம். ஏறப்போனவனை உம்மா நிறுத்தினார்.

"இந்தத் தம்பிட்ட இன்னும் பயணம் சொல்லலையே, வாப்பா."

அவன் திரும்பி வந்து, மழையில் நின்று, ஏதோ புதிதாகப் பார்ப்பவனைப் போல என் கையைப் பிடித்தான். "போய்ட்டு வாறேன்." கார் தெருமுனை முடுக்கில் திரும்பும்வரை நின்றேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டயரில் பூ தேய்ந்து வழுக்கையாகியிருந்தால் வண்டி எடுக்காதீர்கள். கண்டெய்னர் லாரியை இடப்பக்கம் முந்தாதீர்கள். முக்காணியில் ஆற்று நீரின் அளவை உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் பாலம் ஏறாதீர்கள். போனைச் சாதாரணப் பையில் சுற்றாமல் நல்ல உறையில் போடுங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்களோ, அவர் உங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். பூநாரை பார்க்கவும் படம் எடுக்கவும் என்றால் தை மாதம்வரை பொறுங்கள். அவை எங்கும் போய்விடாது. ஆட்கள் போய்விடுவார்கள். அவர்களைப் பார்க்க என்றால், மெதுவாக, வண்டி எடுக்கலாம்.