கத்தி இல்லை என்று சொன்னார்கள்

கோவையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப்புடவைப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். மெத்தைமேல் உட்கார்ந்து புடவை பார்ப்பவர்களுக்கு நாங்கள் நின்றபடி பிரித்துக் காட்டுவோம். ஆள் வராத மத்தியான நேரத்திலும் உட்காரக் கூடாது. அவிநாசியிலிருந்து வரும் பஸ்ஸிலும் பாதி நாள் நின்றுகொண்டுதான் வருவேன். மகள் பிறந்த பிறகு வலது காலில் நரம்பு புடைக்க ஆரம்பித்தது. முதலில் பச்சையாக ஒரு கோடு. பிறகு முழங்காலுக்குக் கீழே மண்புழு சுருண்டு கிடப்பதுபோல் ஆனது. புடவை கட்டுவதால் வெளியே யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஒரு புண் வந்தது. என்ன மருந்து போட்டாலும் அது ஆறவில்லை.

என் கணவர் பம்புசெட் மோட்டார் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். புண்ணைப் பார்த்த அன்றே லீவு போட்டு என்னை கோவையில் ஒரு சர்ஜனிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி, தொடையில் ரப்பர் பட்டை கட்டி, பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்து முடித்ததும், “நீங்க வெளிய உக்காருங்கம்மா” என்றார். கால் என்னுடையது, பேச்சு அவர்கள் இருவருக்குள்ளே. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லா டாக்டர்களும் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள்.

வெளியே வந்த கணவர், “வெரிகோஸாம். பாத்துக்கலாம், வா” என்று மட்டும் சொன்னார்.

என் பயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். “நாளைக்கு மறுநாள் வந்துருவேன் கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி படிக்கட்டில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து வந்த மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அக்கா என் கண்ணைப் பொத்தினாள். அதிலிருந்து கத்தி என்ற சொல்லே எனக்கு ஆகாது. பிரசவத்தின்போதுகூட வலியைவிட, வயிற்றைக் கிழிக்கச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் நடுங்கினேன். இது முழுதாகத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். என் கணவருக்குக்கூட நான் இவ்வளவு சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கோபியிலிருந்து வந்தாள். மத்தியானம் கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே அவளும் என் கணவரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. அக்கா தென்னைமரத்தைப் பார்த்து, “காய் நல்லா புடிச்சிருக்குதே” என்றாள்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது கணவர் ஆரம்பித்தார். “டாக்டரு லேசர்ல பண்ணிப்போடலாம்னு சொன்னாருங்.”

பெரியவர்கள் கூடியிருந்தால் என்னிடமும் மரியாதையாகப் பேசுவது அவர் வழக்கம்.

“லேசர்னா?”

“வெளிச்சந்தான். வெளிய இருந்து காட்டுனா நரம்பு தானா சுருங்கிப்போகுமாம். கத்தியே இல்ல.”

“எங்கூரு பக்கம் ஒரு டீச்சருக்குக் கண்ணுக்கு லேசர்தான் வெச்சாங்க” என்றாள் அக்கா. “காலைல போயிட்டு சாயந்திரம் வந்து சோறாக்கிப்போட்டாங்க. நீ எதுக்கு கண்ணு வெசனப்படற?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கணவர் கண்காட்சியில் வாங்கிய, லேசர் விளக்கு வைத்த சாவிக்கொத்து ஒன்று வீட்டில் இருந்தது. அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழும். மகள் அதை என் கால்மேல் அடித்து, “அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது” என்று சிரித்தாள். அவர்கள் இருவரும்கூடச் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை மகளுக்குத் தலை பின்னிவிட்டு, “நீ ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா ஊட்ல இருப்பேன்” என்று சொல்லி அனுப்பினேன். அவளும் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். கால் மரத்துப்போக என்றாள் நர்ஸ். வெளிச்சம் சூடாக இருக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் கனத்து, பிறகு இல்லாமல் போனது. நெஞ்சுக்கு நேராகப் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் டாக்டரின் தொப்பி மட்டும் தெரிந்தது. தட்டில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. தொடையிடுக்கில் யாரோ துணியை இழுப்பதுபோல் இருந்தது. வலி இல்லை. நான் சிவப்பு வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்ததால் கேட்டேன்.

“ஏனுங் சார், லேசர் எப்பங்க வெப்பீங்க?”

இழுப்பு நின்றது. தொப்பி நிமிர்ந்தது.

“லேசரா? என்னம்மா சொல்றீங்க?”

“கத்தி இல்லாம, லேசர்ல பண்றதா…”

“கால் நரம்புக்கு லேசர் எல்லாம் இங்க கிடையாதுங்கம்மா. கீறித்தான் நரம்பை உருவி எடுக்கோணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட வெவரமாச் சொன்னனே, அவர் சொல்லலீங்களா?”

“அப்ப நிறுத்திப்போடுங்க சார்.”

தொப்பி நர்ஸ் பக்கம் திரும்பியது. பிறகு, “ஏற்கெனவே கீறியாச்சுங்கம்மா. இனிமேல் நிறுத்த முடியாது” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. என்மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது என்மேல்தான் என்று நினைத்தேன்.

எழுந்து ஓடப் பார்த்தேன். கால் வரவில்லை. இரண்டு காலும் யாருடையதோ போல் அங்கே கிடந்தன. நர்ஸ் என் நெற்றியில் கைவைத்து, “அழாதீங்க அக்கா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்றாள். கணுக்காலிலிருந்து தொடைவரை எதையோ உருவுவது தெரிந்தது. அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான் கேட்டிருக்குமோ, இந்த இரும்புச் சத்தம்? வீட்டில் இருப்பேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நான் பிழைக்கமாட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

வார்டில் கணவர் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் முழுக்கக் கட்டு. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“நல்லபடியா முடிஞ்சுபோச்சு” என்றார் கணவர்.

“லேசர்னு ஏன் சொன்னீங்க?”

அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார். அக்காதான் சொன்னாள்.

“அவரை எதுக்குக் கேக்கற? நான்தான் சொல்லச் சொன்னேன். அவரு உங்கிட்ட உள்ளதச் சொல்லிப்போடலாம்னுதான் சொன்னாரு. ஆபரேஷன்னா நீ வரவே மாட்ட, காலு அழுகிப்போயிரும்னு நான்தான் தடுத்தேன்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். கணவர்மேல் கோபப்பட என்னிடம் தயாராக நிறைய வார்த்தைகள் இருந்தன. அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. என் கண்ணைப் பொத்திய அதே ஆள்.

“படிக்கட்டுல எங்கூட உக்காந்திருந்தவ நீதானக்கா?”

“அதனாலதான் கண்ணு சொன்னேன். உன்னோட நல்லதுக்குத்தான.”

“நான் வந்திருப்பனோ மாட்டனோ. அத நான்தானக்கா சொல்லியிருக்கோணும்.”

“சரி, போச்சாது போ. பொழச்சுக்கிட்டயல்ல” என்று சொல்லி அக்கா ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது.

மகள் அன்று பூட்டிய வீட்டு வாசலில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்து, பக்கத்து வீட்டில் தூங்கிப்போனாள் என்பதைப் பிறகு அவளே சொன்னாள். வெகுநாள் நான் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம், “நெசமாலுமே வந்துருவியாம்மா?” என்று கேட்பாள்.

கால் நன்றாகத்தான் ஆயிற்று. புண் ஆறியது, கனம் போயிற்று, திரும்பவும் கடையில் நின்றேன். அதனாலேயே எனக்கு நடந்ததைத் தப்பு என்று சொல்ல யாருமே இல்லாமல் போனார்கள். கடையில் கூட வேலைசெய்த பெண்கள், “உங்க ஊட்டுக்காரருக்கு எத்தன அக்கறை பாருங்க” என்றார்கள். மாமியார், “பொய் சொன்னாலும் கால் பொழச்சுதல்ல” என்றார்.

அதைவிட மோசமான ஒன்று காரமடையில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்தது. எதிர்வரிசையில் கணவர் தன் சொந்தக்காரர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசாத மனிதர் அன்று கதை சொன்னார். “தொடையக் கீறி வெச்சிருக்குது, நம்மாளு டாக்டருகிட்ட லேசர் எப்பங்க வெப்பீங்கன்னு கேக்கறா!” வரிசையே சிரித்தது. டாக்டர் அவரைக் கூப்பிட்டுத் திட்டியபோது சொல்லியிருக்கிறார் போல. என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எத்தனை பந்தியில் பரிமாறப்பட்டதோ. ரசம் ஊற்ற வந்தவரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

இலையை மடித்துவிட்டு எழுந்து மண்டபத்துக்கு வெளியே வந்தேன். கணவர் கைகூடக் கழுவாமல் பின்னால் வந்தார்.

“தமாசுக்குத்தான சொன்னேன், அம்மணி.”

“அங்க படுத்திருந்தப்ப நான் என்ன நெனச்சேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவர் நின்றார். “என்ன நெனச்ச?”

“எங்கப்பன் மாதிரியே செத்துப்போவேன்னு நெனச்சேன். புள்ளகிட்டப் பொய் சொல்லிப்போட்டு வந்து சாகறேன்னு நெனச்சேன். அந்தப் பொய்ய எனக்குக் குடுத்து அனுப்புனது நீங்க ரெண்டு பேரும்.”

அவர் கையில் காய்ந்த சோற்றை உதிர்த்தார். “எனக்கு அது தோணலயே” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எங்கேயும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் என்னை முன்னால் விட்டு, தான் கதவருகே நிற்பார்.

பல வருடம் கழித்து இடது காலுக்கும் வந்தது. அதற்குள் கோவையில் நரம்புக்கு உண்மையாகவே லேசர் வந்திருந்தது. நான் தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். ஸ்கேன் திரையில் கெட்ட நரம்பைக் காட்டினார். ஊசித் துளை வழியாக மெல்லிய இழை ஒன்று உள்ளே போகும், அதன் நுனியின் சூட்டில் நரம்பு மூடிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவோம், கொஞ்சம் வலிக்கும் என்றார். வெளியிலிருந்து வெளிச்சம் காட்டுவது அல்ல அது. கொஞ்சம் வலிக்கும் என்று அவர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்னபடியே வலித்தது. இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு அன்றைக்கே நடந்து வந்தேன்.

கணவரை நான் ஒருவாறு மன்னித்துவிட்டேன். என்ன நினைத்தாய் என்று அவர் ஒரு தரம் கேட்டதால் அது முடிந்தது. அக்கா கேட்டதே இல்லை. வாரம் தவறாமல் கோபியிலிருந்து போன் செய்வாள். மழை, வாழைத்தார், பேரன்மார் என்று எல்லாம் பேசுவோம். “உடம்பு எப்படி இருக்குது கண்ணு?” என்பாள். “நல்லா இருக்கறேன்க்கா” என்பேன். எப்படி இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.