பதினாறு மஞ்சள் வாத்துகள்

"வெடில்" என்று எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு. மீனோ இறைச்சியோ கழுவிய கையில் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாத பச்சை மணம். எனக்கு ஒன்பது வயதான கோடை முழுவதும் அம்மாவின் கைகளில் அந்த வெடிலும் அன்னாசிப்பூவும் வினாகிரியும் கலந்து மணத்தன.

அப்பா அப்போது கொழும்பில். அம்மாவின் வேலை நிலைத்தால்தான் அவருக்கு விசா. அம்மாவும் நானும் முதலில் வந்து சேர்ந்த பிளேஸ்டோவில் ஒரு சீனக் கடையின் பின்சமையலறையில் அம்மா வாத்து தைத்தார். விடுமுறையில் என்னைப் பார்க்க ஆளில்லாததால் அரிசி மூட்டையின் மேல் நான் குந்தியிருப்பேன். கடைக் கண்ணாடிக்குள் வாட்டிய வாத்து சிவப்பாகத் தொங்குவதைப் பார்த்து வாயூறுகிறவர்களுக்கு அதற்குப் பின்னால் கிடக்கிற பாடு எங்கே தெரியும்? கழுத்தில் குழாய் செருகிப் பம்பால் காற்றடித்துத் தோலைத் தசையிலிருந்து பிரித்து, வயிற்றுக்குள் மசாலா அப்பி இரும்பூசியால் தைத்து, கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் பாகும் வினாகிரியும் பூசி, மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் காயவிட்ட பிறகுதான் வாத்து ஆளுயர அடுப்புக்குள் போகும். பார்த்திருந்த எனக்கே அலுக்கும்.

ஒரு மாலை தலைவார வந்த அம்மாவிடம், "கிட்ட வராதேங்கோ, வெடில் நாறுது" என்று சொல்லிவிட்டேன். அம்மா போய் மறுபடி கைகழுவினார்.

மறுநாள் வந்திறங்கிய பதினாறு வாத்துகளையும் உப்பும் மஞ்சளும் போட்டு உரஞ்சிக் கழுவினார். அடுத்த நாள் காலை பார்த்தால், அத்தனையும் காமாலை கண்டதுபோலத் தொங்கின. சமையல் மாஸ்டர் கத்திய கத்தலில் பாதி எனக்கு விளங்கவில்லை; விளங்கிய பாதியே போதும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் வாய்.

"ஏன் செய்தனீங்களாம்? நாளைக்கு வரவேண்டாமாம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எங்கட ஊரில வாத்தை இப்பிடித்தான் கழுவுறது எண்டு சொல்லு. இனிச் செய்யமாட்டா எண்டும் சொல்லு."

சொன்னேன். மாஸ்டர் ஒரு வாத்தின் தோலை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்தத் தூளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் அம்மாவைக் கூப்பிட்ட பெயரே "மஞ்சள்". வேலை தப்பியது, அடுத்த மாரியில் அப்பா வந்து சேர்ந்தார்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். மாஸ்டர் எங்கேயோ. அப்பாவும் இல்லை. போன கிழமை வேலை முடிந்து களைத்து வரும் வழியில் ஒரு வாத்து வாங்கி வந்தேன். சாப்பிடும்போது, ஊரில் உண்மையிலேயே வாத்துக்கு மஞ்சள் போடுவார்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? ஊரில ஆர் வாத்துத் திண்டது? நீயெல்லே வெடில் எண்டனீ."

முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. அந்தப் பொய்யை என் வாயாலேயே சொல்லவைத்து, காரணத்தை மட்டும் தன்னோடு வைத்திருந்திருக்கிறார். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து முகர்ந்தேன். மூட்டுவலித் தைலம்தான் மணத்தது.